ஆடிஷன் போறத இன்ஸ்டால போடலாமா? புதுசா நடிக்க வர்றவங்களுக்கு படிப்படியா ஒரு வழிகாட்டி

பதில முதல்லயே சொல்லிடறேன். ஆடிஷனுக்கு போறேன், போயிட்டு வந்தேன், ஷார்ட்லிஸ்ட் ஆயிட்டேன், இந்த மூணையும் பப்ளிக்கா போடாதீங்க. படம் எடுக்கற கம்பெனியே உங்க பேர வெளிய சொன்ன பிறகு தாராளமா போடுங்க, ஊருக்கே கேக்கற மாதிரி போடுங்க. நடுவுல இருக்கற அந்த காலத்துல எத யார்கிட்ட சொல்லணும், எத சொல்லக்கூடாது, அதுதான் கஷ்டம், அதத்தான் வரிசையா எழுதறேன்.

நான் தண்டையார்பேட்டை. சின்ன சின்ன ரோல் பண்ணிட்டு இருக்கேன், ஞாயித்துக்கிழமை காலையில எங்க வீட்டு மொட்டை மாடியில நடிப்பு பிராக்டிஸ் வைப்போம், ராயபுரம், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எண்ணூர்னு அங்கங்க இருந்து பசங்க பொண்ணுங்க வருவாங்க. நல்லா நடிக்கற புள்ளைங்களுக்கு ஒரே ஒரு இன்ஸ்டா ஸ்டோரியால வாய்ப்பு கைநழுவி போனத பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், அந்த ஆதங்கத்துல எழுதறதுதான் இது.

1. ஆடிஷன் கால் (ஆடிஷனுக்கு வாங்கன்னு கூப்பிடற செய்தி) வர்றதுக்கு முன்னாடியே ரெடியா இருக்க வேண்டியது

ஒரு நோட்டு வாங்குங்க. இருபது ரூபா லாங் சைஸ் நோட்டு போதும். தேதி, எந்த ஆபீஸ், யார் கூப்டாங்க, என்ன ரோல் சொன்னாங்க, என்ன டயலாக் குடுத்தாங்க, என்ன டிரஸ் போட்டுட்டு போனீங்க, எல்லாத்தையும் அதுல எழுதுங்க. டிரஸ் எதுக்குன்னா, ரெண்டாவது தடவ கூப்பிடும்போது பல இடத்துல அதே டிரஸ்ல வாங்கன்னு சொல்லுவாங்க, அப்ப ஞாபகம் வராது. இன்னொரு காரணமும் இருக்கு. ஆடிஷன் முடிச்சு வெளிய வந்ததும் யார்கிட்டயாவது கொட்டணும்னு மனசு துடிக்கும், நோட்டுல ரெண்டு பக்கம் எழுதினா அந்த துடிப்பு பாதி அடங்கிடும்.

இன்ஸ்டா ஐடிய சரி பண்ணுங்க. காஸ்டிங் பாக்கறவங்க, அதாவது ரோலுக்கு ஆள் தேர்ந்தெடுக்கறவங்க, இப்பல்லாம் போட்டோ கேக்கறப்பவே ஐடியும் கேக்கறாங்க. அவங்க தேடறது ரொம்ப சிம்பிள்: இப்ப எப்படி இருக்கீங்க, எப்படி பேசறீங்க. ஃபில்டர் இல்லாத சமீபத்து போட்டோ நாலு, ஒரு நிமிஷம் பேசற வீடியோ ரெண்டு, பயோல உயரம், தெரிஞ்ச மொழி, ஒரு மெயில் ஐடி. சொந்த போன் நம்பர பயோல போடாதீங்க, காரணம் ரெண்டாவது படியில சொல்றேன்.

வீட்லயோ ஃபிரண்ட்ஸ்லயோ நம்பிக்கையான ஒரு ஆள இப்பவே முடிவு பண்ணிக்கோங்க. ஒரே ஆள். எல்லாத்தையும் அவங்ககிட்ட மட்டும் சொல்லப்போறீங்க, அவங்களும் வாய தொறக்காதவங்களா இருக்கணும்.

2. கால் வந்ததும்: அது யாரோட செய்தின்னு பாருங்க

கால் எங்கேந்து வந்துச்சுன்னு பாருங்க. கம்பெனியே அவங்க பேஜ்ல போஸ்டர் போட்டு எல்லாரையும் கூப்டிருந்தா அது பொது செய்தி, அந்த போஸ்டர அப்படியே ஷேர் பண்றதுல தப்பே இல்ல, இன்னும் சொன்னா பண்ணணும், நாலு பேருக்கு உதவும். ஆனா மேனேஜரோ கோ-டைரக்டரோ உங்க நம்பருக்கு தனியா அனுப்பினது, வாட்ஸ்அப் குரூப்ல "வெளிய ஷேர் பண்ண வேணாம்"னு போட்டு வந்தது, இதெல்லாம் அவங்களோட செய்தி. உங்கள நம்பி குடுத்திருக்காங்க.

தெருக்கூத்து, மேடை நாடகம், காலேஜ் பசங்க எடுக்கற ஷார்ட் ஃபிலிம்னா கொஞ்சம் தளர்வா இருக்கும். அங்கயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு போடுங்க.

இப்ப நம்பர் விஷயம். "நாளைக்கு ஆடிஷன், வாழ்த்துங்க"ன்னு ஒருத்தர் போட்டா முதல்ல வர்றது வாழ்த்து, அடுத்து வர்றது ஏமாத்துக்காரன். எண்ணூர்லேந்து வர்ற ஒரு பொண்ணு அப்படித்தான் ஸ்டோரி போட்டுச்சு, படத்தோட பேர்கூட போடல, சாலிகிராமம்னு லொகேஷன் மட்டும் போட்டுச்சு. ராத்திரியே ஒரு மெசேஜ்: "நீங்க இன்னிக்கு வந்த ஆடிஷன் டீம்லேந்து பேசறோம், செலக்ட் ஆயிட்டீங்க, ஆர்ட்டிஸ்ட் கார்டு போடணும், ஆறாயிரத்து ஐநூறு அனுப்புங்க." சாலிகிராமம் போனது நிஜம், ஆடிஷன் குடுத்தது நிஜம், அதனால அந்த புள்ள நம்பிடுச்சு. அம்மா மீன் வித்து சேத்து வச்ச காசு. அவன் புத்திசாலி எல்லாம் கிடையாது, நாம போட்ட ஸ்டோரியவே நமக்கு திருப்பி படிச்சு காட்டினான், அவ்ளோதான். பயோல நம்பரும் இருந்தா இவனுங்களுக்கு இன்னும் சுலபம்.

நடிக்கறதுக்கு உங்களுக்குத்தான் காசு குடுக்கணும், நீங்க யாருக்கும் குடுக்கக்கூடாது. பதிவு கட்டணம், கார்டு, போர்ட்ஃபோலியோ இங்கதான் எடுக்கணும்னு எந்த பேர்ல கேட்டாலும் அங்கேயே நிறுத்திடுங்க. காசு போயிடுச்சுன்னா வெக்கப்பட்டு உக்காராம உடனே 1930க்கு போன் பண்ணுங்க, சைபர் கிரைம் உதவி எண் அது. எவ்ளோ சீக்கிரம் சொல்றோமோ அவ்ளோ தூரம் அந்த பணத்த நடுவுலயே நிறுத்த வாய்ப்பு இருக்கு.

3. போறதுக்கு முன்னாடி: ஒருத்தர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க

பப்ளிக்கா போடாதீங்கன்னு சொன்னதும் சில புள்ளைங்க யார்கிட்டயும் சொல்லாம கிளம்பிடுதுங்க. அது அதவிட பெரிய தப்பு. அந்த ஒரு ஆள்கிட்ட எந்த ஆபீஸ், எந்த தெரு, கூப்ட ஆளோட நம்பர், எத்தன மணிக்கு, எல்லாம் அனுப்பிடுங்க. வாட்ஸ்அப்ல லைவ் லொகேஷன் 15 நிமிஷம், 1 மணி நேரம், 8 மணி நேரம்னு மூணு அளவுல அனுப்பலாம், 8 மணி நேரத்தையே போடுங்க. விம்கோ நகர்ல மெட்ரோ ஏறி சென்ட்ரல்ல மாறி வடபழனி போய் எறங்கி, அங்க ரெண்டு மணி நேரம் உக்கார வச்சு, திரும்பி வர்றதுக்குள்ள 1 மணி நேர லொகேஷன் எல்லாம் எப்பவோ முடிஞ்சிருக்கும்.

பொண்ணுங்களுக்கு முக்கியமா சொல்றேன். ஆபீஸ்னு சொல்லிட்டு கடைசி நேரத்துல ஹோட்டல் ரூம், ஃபிளாட்னு இடம் மாத்தினா போகாதீங்க. கூட ஒருத்தர கூட்டிட்டு வரேன்னு சொல்லுங்க, அதுக்கு முகம் சுளிக்கற ஆபீஸ் உங்களுக்கு வேணாம்.

4. ஆடிஷன் அன்னிக்கு: போன் பையிலயே இருக்கட்டும்

அதிகமா தப்பு நடக்கற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

எங்க குரூப்ல ஒரு பையன், நல்ல உயரம், பாக்சிங் பண்ணுவான், வசனம் பேசினா கண்ணு பேசும். ஒரு ஆபீஸ் மாடிப்படியில உக்காந்து டயலாக் பேப்பர மனப்பாடம் பண்ணிட்டு இருந்தவன், நடுவுல ஒரு செல்ஃபி எடுத்து "ஆண்டவன் துணை"ன்னு போட்டுட்டான். மூஞ்சிதான் எடுத்தான். ஆனா மடியில இருந்த பேப்பர் கீழ் மூலையில தெரியுது, பெருசாக்கி பாத்தா கேரக்டர் பேரும் முதல் ரெண்டு வரியும் படிக்க முடியுது. படத்துல அந்த கேரக்டர் சாகுதுன்னு அந்த ரெண்டு வரியிலயே தெரிஞ்சிடும்.

அதுகூட அப்ப யாரும் பாக்கல. நடந்தது வேற. ஸ்டோரில லொகேஷன பாத்துட்டு நம்ம ஏரியா பசங்க நாலு பேர் ஒரு மணி நேரத்துல பைக்ல அங்க வந்து நின்னுட்டாங்க, "அண்ணா எங்களையும் பாருங்கண்ணா"ன்னு. மேனேஜர் வெளிய வந்து படியில நின்னு எல்லார் மூஞ்சியும் பாத்து, "யார்பா போட்டது?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாரு. பையன் எந்திரிச்சு நின்னான். "சரி, நீ கிளம்பு, சொல்லி அனுப்பறோம்." உள்ள கூப்பிடவே இல்ல. ரெண்டு வாரம் படுத்து தூங்காம பிராக்டிஸ் பண்ணினது அந்த படியோட முடிஞ்சு போச்சு.

அதனால ஆபீஸ் தெரு முனையிலயே போன சைலன்ட்ல போட்டு பையில வச்சிடுங்க. செல்ஃபி எடுக்கவே வேணாம், எடுத்தா எப்பவோ ஒரு நாள் போட தோணும். பேப்பர கேட்டா திருப்பி குடுத்துடுங்க, போட்டோ எடுத்து வச்சுக்காதீங்க. சுவத்துல ஒட்டியிருக்கற சார்ட், போர்டுல எழுதியிருக்கற தலைப்பு, வெயிட்டிங் ரூம்ல உக்காந்திருக்கற தெரிஞ்ச மூஞ்சி, இது எதுவுமே உங்க வாயிலேந்து வெளிய வரக்கூடாது. கூட ஆடிஷன் குடுக்க வந்தவங்க சொல்லவேணாம்னு நெனச்சிருக்கலாம், அவங்கள டேக் பண்ணி மாட்டி விடாதீங்க.

"ஸ்டோரிதானே, 24 மணி நேரத்துல போயிடும்"னு சொல்லுவீங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்தா உங்களுக்கு தெரியவே தெரியாது, இன்ஸ்டா ஸ்டோரிக்கு அப்படி ஒரு நோட்டிஃபிகேஷன் வராது. க்ளோஸ் ஃபிரண்ட்ஸ்ல பச்ச வளையம் போட்டு போட்டாலும் இதே கதைதான், அந்த லிஸ்ட்ல இருபது பேர் இருந்தா இருபது போன்ல உங்க ரகசியம் இருக்கு.

5. வீட்லேந்து டேப் அனுப்பினா: லிங்க் செட்டிங்க ரெண்டு தடவ பாருங்க

இப்ப பாதி ஆடிஷன் வீட்லேந்தே செல்ஃப் டேப்தான். பேரு, வயசு, உயரம் சொல்லி, ரெண்டு பக்கமும் திரும்பி காட்டி, குடுத்த சீன நடிச்சு அனுப்பணும். ஃபைல் பெருசா இருக்கும், அதனால பசங்க யூடியூப்ல ஏத்தி லிங்க் அனுப்பறாங்க. அங்க பப்ளிக்னு விட்டுட்டா படத்தோட சீன் ஊர் முழுக்க ஓடும், தலைப்புல கம்பெனி பேரு, கேரக்டர் பேரு, உங்க பேரு மூணும் இருக்கும், தேடினா வந்து நிக்கும். போஸ்ட் பண்ணணும்னு நெனச்சே இருக்க மாட்டீங்க, ஆனா பண்ணிட்டீங்க.

யூடியூப்னா அன்லிஸ்டெட்னு மாத்துங்க, லிங்க் வச்சிருக்கறவங்க மட்டும் பாப்பாங்க. கூகுள் டிரைவ்ல ஏத்தினா லிங்க் இருக்கறவங்க பாக்கலாம்னு வைங்க, இல்லன்னா அவங்களுக்கு திறக்காம பர்மிஷன் கேட்டு நிக்கும், நிறைய பேர் கேக்க மாட்டாங்க, அடுத்த வீடியோக்கு போயிடுவாங்க. அனுப்பறதுக்கு முன்னாடி தங்கச்சி போன்லயோ ஃபிரண்டு போன்லயோ அந்த லிங்க திறந்து பாருங்க. தலைப்புல உங்க பேரு, வயசு போதும்.

அந்த சீன் நல்லா வந்துச்சுன்னு ரீல்ஸா போடற ஆசையும் வரும். கூடாது. அந்த வசனம் எழுதினவருக்கோ கம்பெனிக்கோ சொந்தம். அதே உணர்ச்சிக்கு நீங்களே ஒரு அரை பக்கம் எழுதி நடிச்சு போடுங்க, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

6. காத்திருக்கற நேரம்: எத போடலாம்

ரெண்டு நாளும் ஆகும், நாலு மாசமும் ஆகும், பதிலே வராமலும் போகும். இந்த நேரத்துல "பெருசா ஒண்ணு வருது, வெயிட் பண்ணுங்க"ன்னு பேர் சொல்லாம பூடகமா போடறாங்க. அதுல எந்த லாபமும் இல்ல. காஸ்டிங் ஆளு பாத்தா இவன் வாய் நிக்காதுன்னு நெனப்பாரு, சொந்தக்காரங்க பாத்தா எப்ப படம், எந்த படம்னு கேப்பாங்க.

எனக்கே நடந்துச்சு. ஒரு ரோல் கிட்டத்தட்ட உறுதின்னு சொன்னாங்க, நான் போட்டுட்டேன். தெருவுல இருக்கற அக்கா ஒருத்தங்க எனக்காக கோயிலுக்கு போய் தேங்கா உடைச்சுட்டு வந்தாங்க. பதினஞ்சு நாள்ல அந்த ரோல் வேற ஒருத்தருக்கு போச்சு, எனக்கு யாரும் சொல்லக்கூட இல்ல. டீக்கடைக்கு போனா "இன்னா தம்பி, படம் எப்போ?" ரேஷன் கடைக்கு போனா அதே கேள்வி. அவங்க மேல தப்பே இல்ல, அன்பாத்தான் கேட்டாங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் போச்சு போச்சுன்னு நானே சொல்ல வேண்டியதா இருந்துச்சு, அது மனச ரொம்ப தின்னுச்சு, ஆறு மாசம் அடுத்த ஆடிஷனுக்கு போகவே கால் வரல. கண்ணு பட்டுடும்னு எங்க அம்மா சொல்லும், எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது, ஆனா அம்மா சொன்ன மாதிரி வாய மூடிட்டு இருந்திருந்தா அந்த ஆறு மாசம் மிச்சமாயிருக்கும்.

போடறதுக்கு விஷயமா இல்ல? பிராக்டிஸ் பண்ற வீடியோ போடுங்க. காசிமேடு ஹார்பர்ல விடியக்காலை ஏலம் விடற சத்தத்த கேட்டு அந்த குரல பேசி பாருங்க, அத போடுங்க. நம்ம பேச்சுல பேசற ஒரு வீடியோ, சுத்தமான எழுத்து தமிழ்ல ஒரு வீடியோ, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும். வடசென்னை பையன்னாலே ரௌடி கூட்டத்துல நாலாவது ஆளா நிக்க வைக்கற பழக்கம் இன்னும் போகல. ஒரு டாக்டராவோ வாத்தியாராவோ நீங்க எப்படி இருப்பீங்கன்னு உங்க பேஜ்ல காட்டலன்னா வேற யாரும் காட்ட மாட்டாங்க. ஒரு காஸ்டிங் ஆளுக்கு ஆடிஷன் செல்ஃபிய விட இதுதான் வேலைக்கு ஆகும்.

7. செலக்ட் ஆயிட்டா: இன்னும் பொறுங்க

செலக்ட்னு போன் வந்ததுக்கும் திரையில வர்றதுக்கும் நடுவுல லுக் டெஸ்ட் (கேரக்டரோட கெட்டப் போட்டு பாக்கறது), அக்ரிமெண்ட், அட்வான்ஸ், ஷூட்டிங், டப்பிங், எடிட்டிங்னு அத்தனை இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ரோல் மாறலாம், குறையலாம், எடிட்டிங்ல மொத்தமாவும் போகலாம், நல்லா நடிச்சவங்களோடதும் போகும்.

அக்ரிமெண்ட் குடுத்தா வீட்டுக்கு கொண்டு வந்து பொறுமையா படிங்க, இங்கிலீஷ்ல இருந்தா தெரிஞ்சவங்கள வச்சு படிங்க. ரகசியம் காக்கறத பத்தி ஒரு பாரா இருக்கும்: கதை, கெட்டப், லொகேஷன், போட்டோ, சில இடத்துல சம்பளம். மீறினா என்னன்னும் எழுதியிருப்பாங்க. வெப் சீரிஸ், விளம்பரத்துல இது இன்னும் கறாரா இருக்கும், ஆடிஷனுக்கு முன்னாடியே என்டிஏ, அதாவது எதையும் வெளிய சொல்ல மாட்டேன்ங்கற ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கறவங்களும் இருக்காங்க. விளம்பரம் டிவியில வர்ற வரைக்கும் பிராண்டு பேர மூச்சு விடக்கூடாது.

நிறைய பேருக்கு தெரியாத ஒண்ணு, லுக் டெஸ்ட் முடிஞ்சதும் உங்க மூஞ்சியே படத்தோட ரகசியம் ஆயிடும். தாடி விட சொல்லியிருப்பாங்க, மொட்ட அடிக்க சொல்லியிருப்பாங்க. தங்கச்சி கல்யாண போட்டோல அந்த மூஞ்சி வந்துச்சுன்னா கெட்டப் வெளிய போயிடுச்சுன்னு அர்த்தம். கல்யாணத்துக்கு போகாதீங்கன்னு சொல்லல, எந்த அளவுக்கு போட்டோல வரலாம்னு முன்னாடியே மேனேஜர்கிட்ட கேட்டுக்கோங்க.

எப்ப போடலாம்னு வாயால கேக்காதீங்க, மெசேஜ்ல கேளுங்க. இப்படி: "அண்ணா வணக்கம். நான் இந்த படத்துல நடிச்சிருக்கேன்னு என் பேஜ்ல போடலாமா? போஸ்டர மட்டும்தான் போடறேன், ஷூட்டிங் போட்டோ எதுவும் போடல. இப்ப வேணாம்னா எப்ப போடலாம்னு சொல்லுங்க." மெசேஜ்ல பதில் இருந்தா நாளைக்கு வேற ஒருத்தர் கேட்டாலும் காட்டலாம். பதில் வரலன்னா போடக்கூடாதுன்னு எடுத்துக்கோங்க, ஒரு வாரம் கழிச்சு ஒரு தடவ திரும்ப கேளுங்க.

அனுமதி வந்துட்டா அவங்க வெளியிட்ட போஸ்டரையே எடுத்து போடுங்க, டைரக்டர், கேமராமேன், கோ-டைரக்டர், உங்கள ஆடிஷனுக்கு கூப்ட ஆளு எல்லாருக்கும் நன்றி சொல்லுங்க. ரோல் சின்னதுன்னா சின்ன ரோல்னே எழுதுங்க. முக்கிய கதாபாத்திரம்னு போட்டுட்டு ஊரே போய் படம் பாத்து ரெண்டு ஷாட்ல தேடினா அது உங்களுக்குத்தான் வலிக்கும்.

8. கிடைக்கலன்னா

ஒண்ணும் போடாதீங்க, அன்னிக்கு ராத்திரி போனயே தொடாதீங்க. "திறமைக்கு மதிப்பில்ல, சிபாரிசுக்குத்தான் காலம்"னு எழுத கை வரும். உண்மையாவே கூட இருக்கலாம். ஆனா அந்த ஆபீஸ்ல உங்க டேப் இருக்கு, அடுத்த படத்துக்கு அத திரும்ப போட்டு பாப்பாங்க, அப்ப உங்க பேஜயும் பாப்பாங்க.

தப்பா நடந்துக்கிட்டாங்க, தொட்டாங்க, வாய்ப்புக்காக தப்பா பேரம் பேசினாங்கன்னா அது வேற விஷயம். அதுக்கு இந்த மௌனம் பொருந்தாது. மெசேஜ், கால் லிஸ்ட் எதையும் அழிக்காதீங்க, அந்த நம்பிக்கையான ஆள்கிட்ட உடனே சொல்லுங்க, போலீசுக்கு போங்க. பெண்களுக்கான உதவி எண் 181 எந்த நேரமும் இருக்கு.

9. ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா

முதல்ல ஸ்டோரிய எடுங்க. ஹைலைட்ல போயிருக்கான்னு பாருங்க. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தா அதையும் எடுங்க. இன்ஸ்டால போட்டா ஃபேஸ்புக்லயும் தானா போற மாதிரி சில பேர் செட் பண்ணியிருப்பாங்க, அங்கயும் தனியா போய் பாருங்க, இத மறக்கறவங்கதான் அதிகம். ரீஷேர் பண்ண ஃபிரண்ட்ஸுக்கு போன் போட்டு எடுக்க சொல்லுங்க, குரூப்ல மெசேஜ் போட்டு கேட்டா அதுவரைக்கும் பாக்காதவங்களும் என்ன அதுன்னு தேடுவாங்க.

வெறும் "ஆடிஷன் போறேன்"னு மட்டும் போட்டு, கம்பெனி, படம், லொகேஷன் எதுவும் இல்லன்னா எடுத்துட்டு விட்டுடுங்க. பேப்பரோ, கேரக்டரோ, கெட்டப்போ, ஆபீஸ் இடமோ தெரிஞ்சிருந்தா ஆபீஸ்காரங்களுக்கு மத்தவங்க மூலமா போறதுக்குள்ள நீங்களே போன் பண்ணுங்க. "அண்ணா, தெரியாம ஒரு ஸ்டோரி போட்டுட்டேன், டயலாக் பேப்பர் தெரிஞ்சிடுச்சு, நாப்பது நிமிஷம் இருந்துச்சு, எடுத்துட்டேன், மன்னிச்சிடுங்க." எவ்ளோ நேரம் இருந்துச்சு, என்ன தெரிஞ்சுதுன்னு சரியா சொல்லுங்க, அவங்க மேல இருக்கறவங்களுக்கு அதத்தான் சொல்லணும். திட்டுவாங்க, வாங்கிக்கோங்க. ஒரு தடவ மன்னிப்பு கேட்டா போதும், அதுக்கப்புறம் குட் மார்னிங் மெசேஜ் போட்டு சமாதானம் பண்ண பாக்காதீங்க, அவங்களா கூப்பிடற வரைக்கும் விட்டுடுங்க.